உம்மு குதாமாவின் நடக்கும் வீடு

உம்மு குதாமா தன் வீட்டின் மேல் உட்கார்ந்து பேரீச்சங்கொட்டைகளைத் துப்பிக்கொண்டிருந்தாள். வீடு நாலைந்து நாணல் கட்டுகளாக, நார்க்கயிற்றால் இறுக்கப்பட்டு, அவளுக்குக் கீழே ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தது. பஸ்ராவில் இதை யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. ஆண்கள் படைக்குக் கிளம்பினால் குடிசைகளைப் பிரித்துக் கட்டிப் போடுவதும், திரும்பி வந்ததும் மறுபடி நட்டுக்கொள்வதும் இந்த ஊர் உண்டான நாளிலிருந்து நடப்பதுதான். அதுவரை பெண்களும் பிள்ளைகளும் பெரிய கூடாரங்களில் கூட்டமாக இருந்துகொண்டு, ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே அடுப்புக்காகச் சண்டை போடுவார்கள். உம்மு குதாமா அங்கே படுக்க மட்டுமே போவாள். விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்த கையோடு வந்து கட்டின் மேல் ஏறிவிடுவாள். முகம் எப்போதும் பள்ளிவாசல் பக்கம் இருக்கும்.

பள்ளிவாசல் என்றால் கோபுரமும் குவிமாடமும் இல்லை. நாணல் வேலி போட்ட ஒரு புழுதி மைதானம். அதன் வாசலில்தான் தூர தேசத்துப் போர்முனைகளிலிருந்து வரும் தூதர்களின் ஒட்டகங்கள் முட்டி போடும்.

உம்மு குதாமா ஆள் ஓங்குதாங்கு. குரல் அதைவிட ஓங்கியது. மருதாணி போட்டுப் போட்டு நரையெல்லாம் செம்பட்டையாகியிருந்தது. கணவன் பாலைவனத்திலேயே பாம்பு கடித்துப் போய்விட்டான். பஸ்ராவுக்கு இரண்டு மகன்களோடு வந்து இறங்கினாள். பனூ தமீம் கூட்டத்துப் பெண். அந்தக் கூட்டத்தைப் பற்றி யாராவது ஜாடையாகப் பேசினால் முந்திக்கொள்வாள்.

"ஆமா, நீங்கள்லாம் இஸ்லாத்துக்கு ஒரு தடவை வந்தீங்க. நாங்க ரெண்டு தடவை வந்தோம். நபிகள் மறைஞ்சதும் ஜகாத் வரி ஒட்டகத்தைக் கொடுக்க மாட்டோம்னு முறுக்கிக்கிட்டு நின்னோம், நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டோம், திரும்பி வந்தோம். ரெண்டு தடவை நடந்தவனுக்குத்தான்யா வழி நல்லாத் தெரியும்."

இப்படி வாயடித்தாலும் ஈமானில் குறை வைக்கவில்லை. ஐந்து வேளையும் பின்வரிசையில் முதல் ஆளாக நிற்பாள். கோபம் வந்தால்தான் சிக்கல். நாற்பது வயது வரை பழகிய நாக்கு, கோபத்தில் இஸ்லாத்துக்கு முந்திய பழைய தெய்வத்தின் பெயரைத் தேடிப் போய்விடும். "லாத்தின் மேல ஆணையா..." என்று ஆரம்பித்து, பாதியில் சுதாரித்து, தன் வாயில் தானே ஒரு போடு போட்டுக்கொண்டு, "லா இலாஹ இல்லல்லாஹ்" என்று முடிப்பாள். தண்ணீர் எடுக்கும் இடத்தில் வரிசை தகராறு நடக்கும் நாட்களில் அவள் கன்னம் சிவந்திருக்கும். யாருடன் சண்டை என்று கேட்பவர்களுக்கு, "என் நாக்கோட" என்பாள்.

சாப்பாட்டிலும் அவளுக்கென்று சட்டம் உண்டு. மீனைத் தொடமாட்டாள். "செத்தும் கண்ணை மூடாததை எப்படித் திங்கறது" என்பது கட்சி. அரிசியிடம் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. முதன்முதலாக இந்தப் பக்கம் வந்தபோது, எதிரி விட்டுப்போன கூடைகளில் கிடந்த நெல்லைப் பார்த்து, இது நமக்கு வைத்த விஷம்தான் என்று அலறி, ஊரையே பட்டினி போட்டவர்களில் அவளும் ஒருத்தி. இப்போது பஸ்ராவே சோறு தின்கிறது. அவளும் தின்கிறாள். ஆனால் முதல் பிடியை ஆட்டுக்கு வைத்துவிட்டு, அதன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான்.

அவளுடைய பெரிய குணவிசேஷம் வேறு. அவள் வீடு நடந்தது.

குடிசையைப் பிரித்த இடத்திலேயே நட வேண்டும் என்பது ஊர் வழக்கம். உம்மு குதாமாவும் பிரித்த இடத்திலேயேதான் நடுவாள். கட்டு இருக்கும் இடம்தான் பிரித்த இடம் என்பது அவள் கணக்கு. படை போயிருக்கும் மாதங்களில் அந்தக் கட்டு, யாரும் பார்க்காத நேரத்தில், பள்ளிவாசல் பக்கமாக இரண்டு சாண் நகர்ந்திருக்கும். அடுத்த படையெடுப்பில் இன்னும் கொஞ்சம். தெருக்கோடியில் உப்புக்குட்டையின் கரையில் இருந்த வீடு, இப்படியே ஊர்ந்து ஊர்ந்து, சில வருடங்களில் பள்ளிவாசலுக்கு எதிரே முன்வரிசைக்கு வந்து சேர்ந்துவிட்டது. வழியில் கிடந்த மற்ற குடிசைகளெல்லாம் எப்படி ஒதுங்கின என்பது இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை.

கடைசியாக ஒதுங்கியவள் கப்ஷா. பக்கத்து வீட்டுக்காரி, சாது, எப்போதும் ஏதாவது ஒரு ஆட்டுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பவள்.

"உம்மு குதாமா, என் அடுப்புக்கல்லு உன் வீட்டுக்குள்ள இருக்கு."

"உன் அடுப்பு ஏன் என் வீட்டுக்குள்ள வருது? பிடிச்சுக் கட்டிப் போடு."

"நாலு சாண் என் இடம்."

"காத்துல நகர்ந்திருக்கும். நாணல்தானே."

கப்ஷா அதற்கு மேல் பேசமாட்டாள். அவள் வாய் அடைத்துப்போனதற்கும், உம்மு குதாமாவின் வீடு நடக்க ஆரம்பித்ததற்கும் காரணம் ஒன்றே. இதை அந்தத் தெருவில் எல்லோரும் அறிவார்கள், யாரும் பேசமாட்டார்கள்.

மூத்த மகன் குதாமா ஆற்றுக்கு அந்தப் பக்கம் நடந்த சண்டையில் இறந்தான். செய்தி வந்தது நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்து ஊர் கலைந்த நேரத்தில். பள்ளிவாசல் வாசலில் தூதர் பெயரைச் சொன்னபோது கப்ஷா அங்கே இருந்தாள். உம்மு குதாமா தெருக்கோடியில், குட்டைக் கரையில், திருகை சுற்றிக்கொண்டிருந்தாள். சொல்லத்தான் கப்ஷா ஓடிவந்தாள். வந்தவளுக்கு வாய் வரவில்லை. எதிரே உட்கார்ந்து திருகையின் மறு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஆட்டுக்கு வந்த சொறியைப் பற்றிப் பேசினாள். பிற்பகல் அஸர் தொழுகையைக்கூடக் கரையிலேயே முடித்துக்கொண்டு, இரண்டு பேருமாகப் பொழுது சாயும்வரை மாவு அரைத்தார்கள். மக்ரிப் தொழுகைக்குப் போனபோதுதான் ஊர் முகத்தைப் பார்த்து உம்மு குதாமா தெரிந்துகொண்டாள்.

"அன்னைக்கு முழுக்க நான் உயிரோட இருக்கிற மகனுக்கு மாவு அரைச்சேன்" என்று ஒருமுறை, ஒரே ஒருமுறை சொன்னாள். கப்ஷாமேல் அவளுக்குக் கோபம் இல்லை. தூரத்தின் மேல்தான் கோபம். இளையவன் மிர்தாஸ் படையில் சேர்ந்த அன்றே, இனி எந்தச் செய்தியையும் கடைசி ஆளாகக் கேட்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். வீட்டுக்குக் கால் முளைத்தது அப்போதுதான்.

இந்தக் கோடையில் ஊரில் தீப்பிடித்தது. வேறொரு கூட்டத்தின் தெருவில் ஒரு பெண்ணின் அடுப்பிலிருந்து பறந்த பொறி, பாதித் தெருவைத் தின்றுவிட்டது. நாணல் வேண்டாம், மண்கல்லில் கட்டிக்கொள்கிறோம் என்று மதீனாவுக்கு, கலீஃபாவிடம் ஆள் போயிற்று. சரி என்று பதில் வந்தது. கூடவே கண்டிப்பும் வந்தது. வீட்டுக்கு மூன்று அறைக்கு மேல் கூடாது, உயரம் கூடாது, தெரு கோணக்கூடாது.

தமீம் கூட்டத்தின் தெருவுக்குக் கயிறு பிடிக்கும் பொறுப்பு அரீஃப் ஹுபைராவுடையது. கூட்டத்துக்கு வரும் படிகளைப் பிரித்துக் கொடுப்பவர், கத்திக் கத்தித் தொண்டை கட்டியவர். வியாழக்கிழமை முளை அடிப்பது என்று அறிவித்தார். அன்று எந்த முளை எங்கே இறங்குகிறதோ அங்கேதான் வீடு. மண்கல் வீட்டைப் பிரித்துக் கட்டிக்கொண்டு நகர முடியாது. பிறகு பேரன் காலத்திலும் அது அங்கேயேதான் நிற்கும்.

உம்மு குதாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் கட்டு முன்வரிசையில், வாசலுக்கு நேர் எதிரே கிடக்கிறது. இனி உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒட்டகம் முட்டி போடுவதைப் பார்க்கலாம். அதே வாரத்தில் படையும் திரும்பி வந்தது. மிர்தாஸ் வந்தான், இடது பாதம் நசுங்கி, தாங்கித் தாங்கி நடந்தபடி.

"இதோட போதும், வீட்டுல கிட" என்றாள் தாய்.

"குதிரைக்கு நாலு காலும் நல்லாத்தானே இருக்கு, உம்மா. மழைக்கு அப்புறம் மறுபடி போறோம்."

"உங்க அப்பன் மாதிரியே பேசு. அவனும் பாம்புதானேன்னான்."

ஒரு சிறு காவல்படை மட்டும் மலைப்பக்கம் பிடித்த கோட்டையில் தங்கிவிட்டது. அதில் மாஹ்யாரும் ஒருவன். மாஹ்யார் பாரசீகக் குதிரைவீரன். இஸ்லாத்துக்கு வந்து, தமீம் கூட்டத்தோடு சேர்த்து எண்ணப்பட்டவன். பிள்ளைகளைச் சிரிக்க வைப்பதற்காகப் பேரீச்சங்கொட்டையைப் பல்லால் கடித்து உடைப்பான். அந்தச் சத்தத்துக்கு உம்மு குதாமாவுக்கே பல் கூசும். அவன் மனைவி தீனக். கருக்கட்டிய வயிற்றோடு தெருக்கோடியில், அதே உப்புக்குட்டைக் கரையில், தன் நாணல் கட்டைக் காவல் காத்துக்கொண்டிருந்தாள். இடம் கேட்டு வருகிறவர்களில் கடைசியாக வந்தவர்களுக்குக் கிடைக்கும் இடம் அதுதான்.

தீனக்குக்கு ஓதக் கற்றுக்கொடுத்தது உம்மு குதாமாதான். யாரும் சொல்லி அல்ல, பின்வரிசையில் பக்கத்தில் நின்ற தோஷம். அரபு புரியாதவர்களுக்குச் சத்தமாகச் சொன்னால் புரிந்துவிடும் என்பது அவள் எண்ணம். "குல்" என்று ஓதலின் முதல் சொல்லை அவள் சொல்லிக்கொடுக்கும்போது முன்வரிசை ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். தீனக் நல்ல மாணவி. உம்மு குதாமா செய்வதையெல்லாம் அப்படியே செய்தாள். புழுதித் தரையில் நெற்றி வைத்து ஸஜ்தா செய்து எழுந்தால் கையெல்லாம் மண்ணாகும், தொழுகை முடிந்ததும் எல்லோரும் இரண்டு கையையும் தட்டி உதறுவார்கள். தீனக் அதையும் தொழுகையில் சேர்த்துவிட்டாள். கூடாரத்துக்குள் சுத்தமான பாயில் தொழுதாலும், சலாம் கொடுத்து முடித்துவிட்டு, கண்ணை மூடி, பக்தியோடு இரண்டு தட்டு தட்டுவாள்.

"அது தூசி தட்டுறதும்மா, தொழுகை இல்ல" என்று கப்ஷா திருத்தப் போனாள்.

"விடு. சொல்லிக்கொடுத்தவ நான். நான் பாத்துக்கறேன்" என்றாள் உம்மு குதாமா. அவளாலும் திருத்த முடியவில்லை. அரபில் தூசி என்று எவ்வளவு சத்தமாகச் சொல்லியும் தீனக்குக்கு விளங்கவில்லை.

முளை அடிக்க மூன்று நாள் இருக்கும்போது, பட்டப்பகலில், மலைக்கோட்டையிலிருந்து ஒரு தூதன் வந்தான். ஒட்டகம் முட்டி போடுவதற்குள் உம்மு குதாமா நாணல் கட்டின் மேலிருந்து குதித்து வாசலுக்குப் போய்விட்டாள். கூட்டம் சேர்ந்தது.

"கோட்டையில காய்ச்சல்" என்றான் தூதன். "பனூ மின்கர் ஸம்ஆன் மவுத்தாயிட்டாரு. அப்புறம் பாரசீகக்காரர் ஒருத்தர். மத்தவங்க எல்லாரும் நல்லா இருக்காங்க."

"இன்னா லில்லாஹி" என்றது கூட்டம். ஸம்ஆனின் வீட்டாரைத் தேடி நாலு பேர் ஓடினார்கள். மற்றவர்கள் மூச்சு விட்டுக் கலைந்தார்கள். தூதன் ஒட்டகத்தைத் தண்ணீருக்கு ஓட்டத் திரும்பினான். மூக்கணாங்கயிறு உம்மு குதாமாவின் கையில் இருந்தது.

"எந்தப் பாரசீகக்காரர்?"

"எனக்கு எப்படிம்மா தெரியும். அடக்கம் பண்ண அன்னைக்கே கிளம்பிட்டேன்."

"அவங்க அப்பன் பேரு வைக்காமலா விட்டான்?"

"வச்சிருப்பாரு. என் வாயில நுழையல."

"லாத்தின் மேல..." பளீரென்று தன் வாயில் ஒரு போடு. "லா இலாஹ இல்லல்லாஹ். இந்த ஒட்டகம் இங்கேயே கிடக்கும். யோசிச்சுச் சொல்லு. தாடி கறுப்பா, வெளுப்பா?"

"கயித்த விடுங்கம்மா, அது தாகத்துல இருக்கு."

"நானும் தாகத்துலதான் இருக்கேன். தாடி?"

தூதன் தலையைச் சொறிந்தான். "வெள்ளைத் தாடி. பல்லு கிடையாது. கஞ்சிதான் குடிப்பாரு, பாவம்."

உம்மு குதாமா கயிற்றை விட்டாள். இரண்டடி போனவள் திரும்பி வந்தாள். "அந்தப் பெரியவருக்கு அழ யாராச்சும் இருக்காங்களா?"

"தெரியலைம்மா."

"அடுத்த தடவை வரும்போது பேரைக் கேட்டுட்டு வா. பேரில்லாம நான் எப்படி துஆ கேக்கறது."

தோல்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீர் எடுக்கப் போகிறவள் மாதிரி தெருக்கோடிக்கு நடந்தாள். உப்புக்குட்டையில் தண்ணீர் எடுக்க யாரும் போவதில்லை. அங்கே தீனக் திருகை சுற்றிக்கொண்டிருந்தாள். தன் பாஷையில் ஏதோ பாட்டு. ஒட்டகம் வந்ததும் தெரியாது, காய்ச்சலும் தெரியாது, பாரசீகக்காரர் ஒருத்தர் என்று வாசலில் சொன்னதும் தெரியாது. மாவு படிந்த கை நிதானமாகச் சுற்றிச் சுற்றி வந்தது.

உம்மு குதாமா தோல்பையைக் கீழே போட்டாள். தான் உட்கார்ந்திருந்த அதே கரை, அதே மாதிரி ஒரு மத்தியானம். இறந்தது பல் இல்லாத கிழவராக இல்லாமல் மாஹ்யாராகவே இருந்திருந்தாலும், இந்தப் பெண் இப்படித்தான் அரைத்துக்கொண்டிருந்திருப்பாள். பொழுது சாய்ந்தும் யார் வந்து சொல்லியிருப்பார்கள், எந்தப் பாஷையில் சொல்லியிருப்பார்கள்?

எதிரே உட்கார்ந்து திருகையின் மறு கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினாள்.

"மாஹ்யார்" என்றாள், ஊர் முழுக்கக் கேட்கும்படி.

தீனக்கின் முகம் வெளுத்தது.

உம்மு குதாமா தன் முன்பல்லை விரலால் தட்டிக் காட்டினாள். "பல்லு. இருக்கு. மாஹ்யாருக்குப் பல்லு இருக்கு. நல்லா இருக்கான்." ஒரு பேரீச்சங்கொட்டையை வாயில் போட்டு, கடித்து உடைப்பது போல் தாடையை ஆட்டினாள். தீனக்குக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்த ஆட்டம் யாருடையது என்று புரிந்தது. அவள் சிரித்தாள். உம்மு குதாமா சிரிக்கவில்லை. இருவருமாகக் கொஞ்ச நேரம் மாவு அரைத்தார்கள்.

வியாழக்கிழமை ஹுபைரா கயிறும் முளையுமாக வந்தார். கப்ஷா தன் நாலு சாணைக் கேட்கத் தயாராக, இரண்டு சாட்சிகளோடு நின்றாள். மிர்தாஸ் சுத்தியலைப் பிடித்திருந்தான். வாசலுக்கு எதிரே, முன்வரிசையில், உம்மு குதாமாவின் முளை இறங்கியது.

"முடிஞ்சுது" என்றார் ஹுபைரா. "இனி உன் வீடு நடக்காது, தாயே. ஊருக்கு நிம்மதி."

உம்மு குதாமா அந்த முளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குனிந்தாள். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பிடுங்கினாள்.

"என்ன பண்றே?"

"இந்த இடம் தீனக்குக்கு. எனக்கு அதுக்குப் பின்னால அடிங்க."

ஹுபைரா கட்டிய தொண்டையிலேயே கத்தினார். "இத்தனை வருசம் ஊரை ஒதுக்கி ஒதுக்கி வந்து சேர்ந்த இடத்தையா? அந்தப் பொண்ணுக்கு ஒரு வார்த்தை அரபு புரியாது. அவளுக்கு எதுக்கு முன்வரிசை?"

"புரியாதவதான் கண்ணால பாக்கணும். எனக்கென்ன, தெருவே ஓடிவந்து சொல்லும்."

சொல்லிவிட்டு, கப்ஷாவைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. கப்ஷா தலையைக் குனிந்துகொண்டாள்.

"உம்மா, மழைக்கு அப்புறம் நான் போறேன்ல" என்றான் மிர்தாஸ் மெதுவாக.

"தெரியும். சுத்தியலைக் குடு."

பின்னால் இடம் குறுகலாக இருந்தது. இரண்டு அறைக்குக்கூடப் போதாது. ஹுபைரா கயிற்றை இழுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அப்போது கப்ஷா போய்த் தன் முளையைத் தானே பிடுங்கி, நாலு சாண் தள்ளி வைத்து, காலால் மிதித்து இறக்கினாள். சாட்சிகளுக்கு வந்த வேலை புரியவில்லை.

"காத்துல நகர்ந்திருக்கும்" என்றாள் கப்ஷா.

மழை விட்டதும் சுவர்கள் எழும்பத் தொடங்கின. முன்னால் தீனக்கின் வீடு, அதன் முதுகோடு முதுகு ஒட்டி உம்மு குதாமாவின் வீடு. நடுவில் பொதுச்சுவர். மிர்தாஸ் குதிரையேறிப் போன அன்று அந்தச் சுவர் இடுப்பளவுக்கு வந்திருந்தது, பூச்சுமண் இன்னும் காயவில்லை. கல் வைக்கிறவன் சாப்பிடப் போன நேரத்தில், உம்மு குதாமா உள்ளே போய், தரையில் உட்கார்ந்து பார்த்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து உயரம் பார்த்தாள். பிறகு சுவரிலிருந்து ஒரு கல்லை நெம்பி உருவினாள்.

திரும்பி வந்தவன் பதறினான். "ஐயோ, சுவருல ஓட்டை விழுந்துடுச்சே."

"விழல. வச்சிருக்கேன். மேல கட்டிக்கிட்டே போ, இதை மட்டும் மூடாதே."

"காத்து வரும்மா."

"வரட்டும். வாசல் சேதியும் வரும்ல."

அந்தப் பக்கம் தீனக் அஸர் தொழுது முடித்திருக்க வேண்டும். துளை வழியாக, சுத்தமாக, இரண்டு தட்டு கேட்டது. உம்மு குதாமா உருவிய கல்லைச் சுவரோரம் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து, துளையில் காதை வைத்தாள்.